கிளார்க் என்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொறியாளர் தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட தொகுப்பில் எடித் கிளார்க்குக்கு நான்கே வரிகள்தான் கிடைத்திருந்தன. அமெரிக்காவில் மின்பொறியியல் பேராசிரியரான முதல் பெண்மணி என்பதோடு முடித்துவிட்டீர்கள். 'முதல்' என்ற பட்டத்தைச் சூட்டிவிட்டால் அவர் செய்த வேலை என்னவென்று யாரும் கேட்பதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

நான் பாலிடெக்னிக்கில் 26 ஆண்டுகள் மின்னியல் நடத்தியவன். ஆண்டுதோறும் கரும்பலகையில் 'கிளார்க் டிரான்ஸ்பர்மேஷன்' என்று எழுதி, "கிளார்க் என்பவர் கொடுத்தது" என்பேன். மனதுக்குள் கோட்டும் டையும் அணிந்த ஒரு வெள்ளைக்காரர். தமிழில் 'அவர்' இருபாலுக்கும் பொது என்பதால் என் அறியாமை வெளியே தெரியாமல் தப்பித்துவந்தது. ஒருநாள் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சார், அந்த அம்மா வேறு என்னென்ன செய்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். "எந்த அம்மா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்று இரவுதான் தேடிப் படித்தேன்.

அந்த டிரான்ஸ்பர்மேஷன், அதாவது உருமாற்றக் கணக்கு, இதுதான். மூன்று பேஸ் மோட்டாரின் மூன்று கம்பிகளிலும் மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும். எந்த நொடியிலும் மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். அப்படியானால் மூன்றை எதற்குச் சுமக்க வேண்டும்? கிளார்க் அவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அச்சுகளில் ஏற்றினார்: ஆல்பா, பீட்டா. கூட்டுத்தொகை பூஜ்யமாகாத பழுதுகளுக்கென்று கூடவே ஒரு 'ஜீரோ'. மின்தடங்களில், அதாவது மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பித் தடங்களில், வரும் பழுதுகளைக் கணக்கிட அவர் வகுத்த இந்த வழிதான் இன்று பல மின்சார ஸ்கூட்டர்களின் கன்ட்ரோலருக்குள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஓடுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் 1919இல் மின்பொறியியல் முதுநிலைப் பட்டம் வாங்கினார். அங்கே அதைப் பெற்ற முதல் பெண். பட்டம் கிடைத்தும் எஞ்சினியர் வேலை கிடைக்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் கணக்குப் போடும் பெண்களுக்கு மேற்பார்வையாளராகத்தான் சேர்ந்தார். (அந்நாளில் 'கம்ப்யூட்டர்' என்றால் அந்தப் பெண்கள்தான்!) அங்கிருந்தபடியே நீண்ட மின்தடக் கணக்குகளை விரைவில் முடிக்க ஒரு வரைபடக் கருவியை உருவாக்கி, 1921இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டு வேலையை உதறிவிட்டுக் கான்ஸ்டான்டினோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) பெண்கள் கல்லூரிக்கு இயற்பியல் கற்பிக்கப் போய்விட்டார். அடுத்த ஆண்டு திரும்பியபோது அதே நிறுவனம் எஞ்சினியராகவே சேர்த்துக்கொண்டது. காப்புரிமை 1925இல் கிடைத்தது.

உங்கள் தொகுப்பு விட்டுவிட்ட இன்னொன்று அவருடைய வயது. 1945இல் ஓய்வு பெற்று மேரிலாந்தில் பண்ணை வாழ்க்கைக்குப் போனவர், 1947இல் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு 64. எனக்கு 58இலேயே சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாறுதிசை மின்சுற்றுகளைப் பற்றிய அவருடைய பாடநூலின் முதல் பாகம் 1943இலேயே வந்துவிட்டது; இரண்டாம் பாகம் ஆஸ்டினில் கற்பித்துக்கொண்டிருந்தபோது, 1950இல் வந்தது.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். படத்துக்குக் கீழே 'எடித் கிளார்க்கி' என்று அச்சாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
விருதுநகர்