ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சிலம்ப வகுப்பில் தனிக் கால்மணி நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைச் சிலம்ப வகுப்புக்குப் பேரனைக் கொண்டுவிட வரும் தாத்தா, நாலு நாளில் தானும் கம்பை எடுத்துவிடுகிறார். இளமையில் கற்றுப் பாதியில் விட்டவர்களும் ஐம்பதுக்கு மேல் திரும்பி வருவதுண்டு. வரட்டும், நல்லதுதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு வைக்கும் அதே ஐந்து நிமிட உடற்பயிற்சியை அவர்களுக்கும் வைத்துவிட்டு நேரே கம்பு வீச்சுக்குப் போய்விடுகிறோம். மூன்றாம் வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, ஆள் வருவதில்லை.

"உடம்பு இறுகிப் போச்சு, நல்லா இழுத்து விடுங்க" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. சூடேறாத உடம்பைக் குனியவைத்து ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், அடுத்த சில நிமிடங்களுக்குத் தசையின் விசை சற்றுக் குறையும். வயது ஏற ஏறத் தசை மெலிகிறது; அதை எலும்போடு கட்டும் தசைநாணின் தாங்குதிறன் குறைகிறது. (பேச்சில் தசைநாணைத்தான் 'நரம்பு' என்கிறோம், நரம்பு வேறு.) சர்க்கரை நோய் இருந்தால் தசைநாண் விறைக்கவும் கூடும். ஆகவே முதலில் சூடு, அடுத்து அசைவு, இழுப்பது கடைசியில்.

இதற்காக வகுப்பின் தொடக்கத்தில் இவர்களுக்கென்று தனிக் கால்மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதில் முதல் ஐந்து நிமிடம் லேசாக வியர்க்கும்வரை வேக நடை. பிறகு கணுக்கால், இடுப்பு, தோள் மூன்றையும் பத்துப் பத்துச் சுற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் பத்து முறை வீசல். அதன்பின் கம்பில்லாமல் பாதி வேகத்தில் காலடி வைக்கும் பயிற்சி. தலைக்கு மேல் சுழற்றும் வீச்சு எப்போதும் கடைசியில்தான். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தோள் மட்டத்தை ஒட்டி வலித்து, மேலே போனதும் வலி விட்டால், தோள்பட்டைத் தசைநாண் நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அவருக்கு அன்று இடுப்பு மட்ட வீச்சு போதும்.

வகுப்பு முடிந்ததும் இழுப்புப் பயிற்சி: ஒவ்வொன்றும் முப்பது விநாடி, இரண்டு மூன்று முறை. அறுபத்தைந்து கடந்தவர்கள் ஒரு நிமிடம் வரை பிடிக்கலாம். கெண்டைக்காலை முழங்கால் நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை என இரண்டு விதமாக இழுக்க வேண்டும். அங்கே இருப்பவை இரண்டு தசைகள், மடக்கினால்தான் அடியில் உள்ளது இழுபடும். பெரும்பாலோர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

இழுப்பதைவிட முக்கியம் வலு. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரு காலாலும் எழும்பி, ஒரு காலால் மூன்று விநாடி எண்ணிக் குதிகாலை மெல்ல இறக்க வேண்டும். எட்டு முறையில் தொடங்கிப் பதினைந்து வரை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். தசைநாண் மெதுவாகத்தான் தேறும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர முடியாதவரைத் தாழ்ந்த நிலையில் உட்காரவைத்துச் சுழலச் சொல்லக் கூடாது. அப்படி அமரும்போது மூச்சை அடக்குவதும் ஆகாது. ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

தரையையும் பார்க்க வேண்டும். சிமென்ட் தளத்தில் பாதம் திரும்பாமல் ஒட்டிக்கொண்டு முழங்கால் மட்டும் திருகும். ஆழமான மணலில் குதிகால் புதைந்து தசைநாண் கூடுதலாக இழுபடும். சமமான செம்மண் தரைதான் தோது.

குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல 'டப்' என்று உணர்ந்து, அதன்பின் அந்தக் காலில் முன்பாதம் ஊன்றி எழும்ப முடியாவிட்டால், எண்ணெய் போட்டு நீவக் கூடாது, சுளுக்கும் எடுக்கக் கூடாது. தசைநாண் அறுந்திருக்கலாம், அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் (நுண்ணுயிர்க்கொல்லி) மாத்திரைகள் இந்த ஆபத்தைக் கூட்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இன்னும் அதிகம். சேர்க்கை விண்ணப்பத்தில் வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றோடு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும் எழுத ஒரு வரி இடம் விடுமாறு வகுப்பு நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிலம்பப் பயிற்சியாளர்கள் இருவர்,
பாளையங்கோட்டை.