மாச்சோ

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. ஊன்றுகோல் பிடிக்க வெட்கப்படுகிறாய் என்று பேரன் உன்னை 'மாச்சோ தாத்தா' என்கிறானாமே! விவரமான பையன்.

ஸ்பானிய மொழியில் மாச்சோ என்றால் ஆண், அவ்வளவுதான். கடா, காளை எல்லாமே மாச்சோ. ரவிக்கைக் கொக்கிகூட அங்கே மாச்சோதான். அது மாட்டும் வளையம் எம்ப்ரா, அதாவது பெண். லத்தீன் 'மஸ்குலுஸ்' தேய்ந்து வந்த சொல். அதே சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'மேல்' ஆனது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் ஒன்றுதான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறது.

'நான் ஆம்பிளை' என்கிற அந்த முறுக்குக்குப் பெயர் மச்சிஸ்மோ. மெக்சிகோக்காரர்களின் ரத்தத்திலேயே ஊறிய பழஞ்சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டெக்சாஸில் பிறந்த நாட்டாரியல் அறிஞர் அமெரிக்கோ பரேதஸ் அப்படி இல்லை என்கிறார். பழைய கதைப்பாடல்களில் வீரனை 'ஓம்ப்ரே' (மனிதன்), 'வலியெந்தே' (தைரியசாலி) என்றுதான் பாடினார்களாம். மாச்சோ என்பது நாலு பேர் நடுவே சொல்லக் கூசுகிற வார்த்தை. 1940களில்தான் அது பாட்டில் ஏறியது. அப்போது அதிபராக இருந்தவர் மானுவேல் ஆவிலா கமாச்சோ. கமாச்சோவுக்கு மாச்சோ எதுகையாய் வந்து விழுந்தால் எந்தப் பாட்டுக்காரன் விடுவான்? எதுகைக்காக நம் ஆட்கள் செய்யாத அக்கிரமமா! அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பரம்பரைக் குணம் என்று பேசப்படுவதன் பெயர் நம் அப்பாக்களைவிட இளையது என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

1990களில் மேத்யூ கட்மன் என்ற மானிடவியலாளர் மெக்சிகோ நகரத்தின் சாந்தோ தொமிங்கோ பகுதியில் தங்கி ஆண்களிடம் பேசிப் பார்த்தார். இளவட்டங்கள் பலர், நாங்கள் மாச்சோ இல்லை என்றார்களாம். அதே மூச்சில், 'மந்திலோன்' ஆகவும் சம்மதமில்லை. மந்தில் என்றால் சமையலில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன். மந்திலோன் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டுமா? பெண்டாட்டிதாசன்தான்.

அப்புறம், இங்கே விசாலத்துக்குக் கையில் கட்டு, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு மாதமாக இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நான்தான் சமையல். ரசம் மட்டும் இன்னும் பொங்கி வழிகிறது, எப்போது இறக்குவது என்று உன் வீட்டில் கேட்டு எழுது. தை பிறந்ததும் கிளம்பி வா, ஊன்றுகோலோடு.

அன்புடன்,
ராமு