எல் சாந்தோவை எப்படி விட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த முகமூடி மல்யுத்த வீரர்கள் கட்டுரை ரே மிஸ்டீரியோவில் ஆரம்பித்து அவரிலேயே முடிந்துவிட்டது. அவர் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் மெக்சிகோ முகமூடியைப் பற்றி எழுதிவிட்டு அந்த நாட்டு மல்யுத்த வீரர் எல் சாந்தோவின் பெயர்கூட இல்லையென்றால் எப்படி?

1917-இல் மெக்சிகோவின் துலான்சிங்கோ ஊரில் பிறந்த ரொடோல்ஃபோ குஸ்மான், என்னென்னவோ பெயர்களில் சண்டை போட்டு, அதில் ஒரு பெயருக்கு அதன் சொந்தக்காரரே புகார் கொடுத்து அதையும் விட வேண்டிவந்து, 1942-இல்தான் வெள்ளி நிற முகமூடி மாட்டிக்கொண்டு எல் சாந்தோ ஆனார். சினிமாவில் ரத்தக்காட்டேரிகளை அடித்து விரட்டிய இந்த ஹீரோ, ரிங்குக்குள் ஏறக்குறைய 20 வருஷம் வில்லன் கட்சியில் ஆடியவர் என்பது பலருக்குத் தெரியாது.

முகமூடி வெறும் வேஷம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. மெக்சிகோவில் முகமூடியையே பந்தயம் வைத்து மோதுவார்கள். தோற்றவர் அத்தனை பேர் முன்னாலும் அதைக் கழற்றி, சொந்தப் பெயரையும் சொல்லியாக வேண்டும். 1952 நவம்பர் 7 அன்று சாந்தோவிடம் அப்படித் தோற்றவர் பிளாக் ஷேடோ. கூட்டாளியின் முகமூடி போன ஆத்திரத்தில், அதுவரை தானும் வில்லனாக இருந்த புளூ டீமன் ஹீரோ கட்சிக்கு மாறி, அடுத்த வருஷமே சாந்தோவைச் சாய்த்து வெல்டர்வெயிட் என்ற எடைப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பறித்தார். அப்புறம் இந்த இரண்டு பேரும் சேர்ந்தே படங்களில் நடித்தார்கள் என்பது வேறு கதை (சினிமாவுக்கு ஏது பகை!).

வெளியில் சாப்பிடும்போதுகூட சாந்தோ முகத்தைக் காட்டமாட்டார், அதற்கென்றே தாடைப் பக்கம் திறந்த முகமூடி வைத்திருந்தார். 1982-இல் ஓய்வு பெற்றார். 1984 ஜனவரிக் கடைசியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகமூடியைக் கொஞ்சம் மேலே தூக்கி முகத்தில் ஒரு பகுதியைக் காட்டினார், பிப்ரவரி 5 அன்று மாரடைப்பில் போய்விட்டார். முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

இன்னொன்று. நம் பையன்கள் டிவியில் பார்த்துக் கொண்டாடிய மல்யுத்த வீரர் எடி குவரேரோவின் அப்பா கோரி குவரேரோதான் ரிங்கில் சாந்தோவோடு ஜோடி சேர்ந்து ஆடிய பழைய கூட்டாளி. சாந்தோவின் கடைசி ஆட்டத்திலும் அவர் பக்கம் நின்று ஆடினார். கோரியைப் பற்றியாவது ஒரு பக்கம் எழுதுங்கள், சார்.

— பழைய மல்யுத்த ரசிகன், திண்டுக்கல்