திருத்தம் ஐந்து முறை: தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகன் தொடக்கநிலை 3 படிக்கிறான். அவனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, இருப்பது போன ஆண்டு உறுதியானது. உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். சொல்வதெழுதுதல் முடிந்ததும் ‘பிழையான சொற்களை ஐந்து முறை எழுதி வரவும்’ என்று கொடுக்கிறீர்களே, அந்தத் திருத்த வேலையை இவனைப் போன்ற பிள்ளைகளுக்காவது மாற்றிக் கொடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். பத்துச் சொல்லும் சரியாக எழுதிய பிள்ளைக்கு அன்று திருத்தமே கிடையாது. ஒரு பிழை விட்ட பிள்ளை ஐந்து சொல் எழுதும். என் மகன் எட்டுப் பிழை விடுவான், அவனுக்கு நாற்பது சொல். எழுதவே சிரமப்படுகிற பிள்ளைக்குத்தான் வகுப்பிலேயே அதிக எழுத்து வேலை போய்ச் சேர்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் வாராவாரம் இதுதான் நடக்கிறது.

அந்த நாற்பதையும் அவன் எப்படி எழுதி முடிக்கிறான் என்று ஒரு வெள்ளிக்கிழமை இரவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொல் ‘வாழைப்பழம்’. முதலில் ஐந்து வரியிலும் மேலிருந்து கீழாக ‘வா’ மட்டும் எழுதினான். அப்புறம் திரும்ப மேலே போய் ஐந்து வரியிலும் ‘ழை’. அப்புறம் ஐந்து ‘ப்’. பக்கம் நிறைந்துவிட்டது. பார்த்தால் ஐந்து வாழைப்பழம். ஆனால் அந்தச் சொல்லை அவன் ஒரு முறைகூட எழுதவில்லை. மணி ஒன்பதே முக்கால். கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அப்பா, இன்னும் எத்தனை?” என்று கேட்டான்.

‘ழை’யில் அவன் கை எங்கே நிற்கிறது என்பதையும் அன்றுதான் கவனித்தேன். முதலில் ‘ழ’வை எழுதிவிடுகிறான். பிறகு கொம்பு நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னால் இடமில்லை. ‘வா’வுக்கும் ‘ழ’வுக்கும் நடுவில் எதையோ நெருக்கி வைக்கிறான். ஏன் இப்படி என்று யோசித்தபோது புரிந்தது. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்காகத் தொடக்கநிலை 3, 4-இல் வகுப்பு முடிந்தபின் நடக்கும் சிறு குழுப் பயிற்சிக்கு அவன் போகிறான். நல்ல பயிற்சி, அதனால்தான் இன்று ஆங்கிலக் கதைப் புத்தகத்தை அவனே எடுத்து வாசிக்கிறான். அங்கே ஒலியைக் கேள், கேட்ட வரிசையில் எழுது என்று பழக்குகிறார்கள். தமிழில் ‘கெ’ என்றால் காதில் முதலில் விழுவது ‘க்’, தாளில் முதலில் வருவது கொம்பு. ‘கொ’வுக்கோ இரண்டு பக்கமும் குறி. ஆங்கிலத்தில் பாடுபட்டுக் கற்ற வழியையே தமிழிலும் நம்பி வருகிறான், இங்கே அது காலை வாருகிறது. ல, ள, ழ மூன்றும் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒன்றாகவே ஒலிப்பது வேறு. இதையெல்லாம் ஐந்து முறை எழுதுவது எப்படிச் சரிசெய்யும்? பிழையைத்தான் ஐந்து முறை பழகுகிறான்.

வழி காட்டியவர் என் அம்மா. விஜயதசமிக்குச் செய்வதுபோல ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி அவன் முன்னால் வைத்தார். “பெருசா எழுதுய்யா, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லு.” கொம்பு முதலில், ‘ழ’ அப்புறம், பிறகு முழு எழுத்தையும் சத்தமாக. இப்படி ஒரு சொல்லுக்கு மூன்று நிமிடம். மூன்று சொல்லோடு நிறுத்திவிட்டோம். மறுநாள் காலை சும்மா கேட்டுப் பார்த்தேன், மூன்றில் இரண்டைச் சரியாக எழுதினான். நாற்பது சொல் எழுதிய எந்த வாரத்திலும் இது நடந்ததில்லை.

அதனால், எந்த மூன்று சொல் என்பதை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். அரிசியிலோ, எழுத்து அட்டையிலோ, ஈர விரலால் தரையிலோ எழுதட்டும். பதினைந்து நிமிடம் ஆனதும் நான் கையெழுத்துப் போட்டு நிறுத்துகிறேன். அதை முடித்த வீட்டுப்பாடமாக ஏற்றுக்கொள்ளுங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யிலேயே, தக்க அறிக்கை இருந்தால், கூடுதல் நேரம் தருகிறார்கள். அதில் தாய்மொழிப் பாடத்தின் 200 மதிப்பெண்ணில் 70 வாய்மொழிக்கும் கேட்டல் கருத்தறிதலுக்கும் உரியது. பேசச் சொன்னால் என் மகன் பேசுவான். அவனுடைய வீட்டுப்பாடத்தில் மட்டும் பேச்சுக்கு இடமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உளவியலாளரின் அறிக்கையைப் பள்ளியில் கொடுத்தோம், வகுப்பாசிரியர் படித்தார். ஆனால் தமிழ்ப் பாடத்துக்கு அவன் வேறு வகுப்பறைக்குப் போகிறான். அந்த ஆசிரியருக்கு விவரம் தெரியவே நான்கு மாதம் ஆனது. அதுவரை அவன் புத்தகத்தில் ‘கவனம் தேவை’ என்றே இருந்தது. அந்த ஆசிரியர்மேல் எனக்குக் கோபமில்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. புது வகுப்பு தொடங்கும்போது, அறிக்கை உள்ள பிள்ளைகள் யார் என்று நீங்களே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தமிழிலிருந்து விலக்குக் கேட்டுப் பாருங்கள் என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். சில பிள்ளைகளுக்கு அதுதான் சரி, அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு மனம் வரவில்லை. அவன் பாட்டியோடு பேசுவது தமிழில், சண்டை போடுவதும் தமிழில்.

வரும் வெள்ளிக்கிழமை அவன் புத்தகத்தில் மூன்று சொல்லும் என் கையெழுத்தும் இருக்கும். மற்ற சொற்களை அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தந்தை