பதினோரு வருஷ வெல்ஷும் ஒரு கப் காபியும்

வேல்ஸில் பிள்ளைகளின் படிப்பை நிர்வகிக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷில் எழுதித் தா என்று மகளிடம் கேட்டுப் பார்த்தேன், முடியவில்லை. ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை இங்கே வெல்ஷ் படித்து, பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் ஏ வாங்கியவள்.

போன மாதம் வடக்கு வேல்ஸில் இருக்கும் கார்னார்ஃபன் போயிருந்தோம். எங்கே திரும்பினாலும் வெல்ஷ் காதில் விழுகிற ஊர். ஒரு சின்னக் கடையில், நீயே பேசும்மா என்று அவளை முன்னால் தள்ளிவிட்டேன். நன்றாகத்தான் காபி கேட்டாள், கல்லாவில் இருந்த பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "லெவ்ரித்?" என்றார். பால் வேண்டுமா என்கிறார், அவ்வளவுதான். தெற்கே பாலுக்கு லைத் என்பார்கள், இவள் படித்தது அதை. வடக்கே வேறு சொல் உண்டென்று பதினோரு வருஷத்தில் இவள் காதில் விழவே இல்லை. சரி, "என்ன கேட்டீங்க?" என்றாவது வெல்ஷில் திருப்பிக் கேட்க வர வேண்டாமா? "சாரி" என்றாள். பாட்டி உடனே இங்கிலீஷுக்கு மாறிவிட்டார், அந்தச் சிரிப்பும் போய்விட்டது. அப்புறம் காரில் ஏறியதும், பிளாஸ்டிக் மாசு பற்றித் தேர்வுக்கு உருப்போட்ட பத்தியைக் கடகடவென்று ஒப்பித்துக் காட்டினாள், பாவம்.

நான் கேட்பது ஒன்றுதான், பள்ளியை விட்டு வரும் பிள்ளைக்கு வெல்ஷ் பேச வர வேண்டும். தமிழ்வழியில் படித்து, இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்கியும் வாய் திறக்க வராமல் இந்த நாட்டுக்கு வந்தவன் நான், அதனால் இந்த வியாதி எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்களுக்கும் தெரியாததல்ல. வெல்ஷை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தரும் பாடம் இப்படியே போனால் தேறாது என்று நீங்கள் அமைத்த குழுவே 2013-ல் எழுதிக் கொடுத்தது. 2050-க்குள் வெல்ஷ் பேசுகிறவர்கள் பத்து லட்சம் பேர் என்று இலக்கு வைத்தீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படிப் பேசுகிறவர்கள் 2011-ல் 5,62,000 பேர், 2021-ல் 5,38,000. பஸ்ஸை எதிர்ப்பக்கம் ஏறிவிட்டீர்களோ? குறைந்ததில் பெரும்பங்கு 3 முதல் 15 வயது வரை உள்ளவர்கள், அதாவது உங்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள். போன வருஷங்களை விடுங்கள், 2025-ல் போட்ட சட்டமும் பள்ளியை முடிக்கும் எல்லாருக்கும் மொழி வந்துவிடும் என்பது 2050-ல்தான். அதற்குள் என் மகளின் பிள்ளைகளே பள்ளியை முடித்துவிடும்!

வெல்ஷ்வழிப் பள்ளியில் சேர்த்திருக்கலாமே என்பீர்கள். நாங்கள் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, அப்படி ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். சின்னவன் இப்போது மூன்றாம் வகுப்பு. அவனுக்கு விளையாட்டு வகுப்பையாவது வெல்ஷில் நடத்துங்கள், ஓடு, பந்தைப் போடு என்று கேட்டுக் கேட்டே வந்துவிடும். ஆசிரியர் இல்லையென்றால், வேலையிலிருந்து விடுவித்து அவர்களுக்கு வெல்ஷ் கற்றுத்தரும் திட்டம் உங்களிடமே இருக்கிறது, இன்னும் நிறையப் பேரை அதில் சேருங்கள். அவனுக்குப் பேச வர வேண்டும். மார்க் எவ்வளவு வேண்டுமானாலும் குறையட்டும்.

இப்படிக்கு,
நியூபோர்ட்டில் குடியிருக்கும் ஒரு மதுரைக்காரன்