மலிதா செய்யப் போகிறாயாமே!

அன்பு மகளே,

நன்றி சொல்லும்போது நாம் செய்யும் அவல் இனிப்பான மலிதாவின் செய்முறை கேட்டிருந்தாய், சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. உன்னோடு வேலை செய்யும் பெண், "தேங்காய்ப்பால் குழம்பெல்லாம் யூதச் சாப்பாடா?" என்று கேட்டாளாமே.

பெனே இஸ்ரேல், அதாவது கொங்கணக் கரை யூதர்களான நாம் ஆட்டுக்கறியில் ஏன் தயிர் சேர்ப்பதில்லை? யூதச் சட்டப்படி இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. கொங்கணக் கரையில் தேங்காய்க்கா பஞ்சம்! பக்கத்து வீட்டில் இறால் மணக்கும். நம் வீட்டில் செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டும்தான். ஓய்வுநாள் ஆசீர்வாதமான கித்துஷுக்குத் திராட்சை மது கிடைக்காத ஊரில் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்தார்கள். எபிரேயம் மறந்துபோன காலத்திலும் ஷெமா ஜெபம் மறக்கவில்லை, எண்ணெய் ஆட்டிப் பிழைத்தாலும் ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கு ஓடவில்லை. அதனால்தான் ஊரார் நம்மைச் 'சனிவார் தேலி' (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) என்றார்கள்.

இஸ்ரேலில் குடியேறிய நம் பெனே இஸ்ரேல் ஜனங்களையும் இப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் போராடிய பிறகு, 1964இல்தான் நாம் முழு யூதர்கள் என்று அங்குள்ள தலைமை மதகுருக்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே உன் ஆஜிப் பாட்டிக்குக் கோபம் வரும். "என் அடுப்பைப் பார்த்திருந்தால் போதுமே" என்பாள்.

சரி, மலிதா. கெட்டி அவலைக் கழுவி உடனே வடித்துவிடு, ஊறினால் கூழ்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் மெத்தென்று, ஆனால் உதிரியாக இருக்க வேண்டும். தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், முந்திரி, பிஸ்தா போட்டு விரல் நுனியால் பிசறு, பிசைந்துவிடாதே. தட்டில் குவித்துச் சுற்றிலும் பழங்களை அடுக்கு, பேரீச்சை கட்டாயம். எலியா தீர்க்கதரிசியைப் போற்றும் எலியாகு ஹனாவி பாட்டைப் பாடி, ஆசீர்வாதங்களைச் சொன்ன பிறகுதான் யாரும் கை வைக்கலாம். பாட்டு பாதியில் மறந்தால் போன் பண்ணு, அப்பா இங்கிருந்தே பாடுவார். (அவர் குரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.)

வேலை நிரந்தரமானதற்கு நன்றி சொல்லத்தானே செய்கிறாய்? அப்படியென்றால் கால் கிலோ அவலோடு நிறுத்தாதே. மலிதாவைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் நம்மிடம் கிடையாது. நீ இருக்கும் அஷ்தோதில் நம் ஜனங்களுக்கா குறைச்சல்? எதிர்வீட்டு மாவ்ஷியைக் கூப்பிடு. அந்த வேலையிடத்துப் பெண்ணையும் கூப்பிடு. கறிச் சாப்பாட்டுக்கு மேல் பால் சேர்க்காத இனிப்பு அவள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டு எனக்கு எழுது.

உன் ஆயி