கையுறை முடிகிற இடம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. பேனாவைப் பிடித்தாலே விரல் வெடிப்பு விண்ணென்று தெறித்தது. இப்போது பரவாயில்லை.

இத்தனை வருஷமாக வார்டில் சோப்பும் கையுறையுமாகத்தான் என் பிழைப்பு என்று உனக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு புறங்கையில் அரிப்பு ஆரம்பித்தது. சோப்புதான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கைகழுவுவதைக் குறைக்க முடியாதே! அதனால் கையுறையைக் கழற்றாமல் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். தோல் சிவந்தது, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம் வந்தது, அப்புறம் பொருக்குத் தட்டியது. மணிக்கட்டில் கையுறை எங்கே முடிகிறதோ அங்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி சிவப்பும் முடிந்திருந்தது. தினமும் அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிற வாய்!

லீவில் இருந்தால் ஆறும், வேலைக்குப் போன இரண்டாம் நாள் திரும்ப வரும். சரி, லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) அலர்ஜி போல என்று நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைக்கு மாறினேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். லேடெக்ஸ் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போட்ட சில நிமிஷத்திலேயே தடிப்பு வரும், தும்மல்கூட வரலாம் என்றார். எனக்கு வந்தது வேறு, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தலைகாட்டும் ரகம். ரப்பரைச் சீக்கிரம் பதப்படுத்தத் தையூரம், கார்பமேட் என்று சில ரசாயனங்கள் சேர்ப்பார்களாம். நைட்ரைல் கையுறையிலும் அவை பெரும்பாலும் இருக்கும்.

உறுதிப்படுத்த பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். 1895இல் யாடாசோன் என்ற தோல் மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை, அடிப்படை இன்றும் அதேதான். சந்தேகப்படுகிற ரசாயனங்கள் ஒவ்வொன்றையும் வைத்த சின்னச் சின்னப் பட்டைகளை முதுகில் வரிசை வரிசையாக ஒட்டி, பேனாவால் எண் போட்டார்கள். 48 மணி நேரம் குளிக்கக்கூடாது, குனிந்து வேர்க்கக்கூடாது. பட்டையை எடுத்த அன்று லேசான சிவப்புதான். இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் முதுகைப் போனில் படமெடுத்துக் காட்டினார். ஒரே ஒரு வட்டம் மட்டும் தடித்து, கொப்புளம் வைத்து, கண் போல விழித்துக்கொண்டிருந்தது. கார்பமேட். இரண்டு வருஷமாக எதை மருந்தென்று நம்பி மாட்டிக்கொண்டிருந்தேனோ, அதுவேதான்.

இப்போது அந்த ரசாயனங்கள் சேர்க்காத கையுறையை வாங்கித் தருகிறார்கள். நானாகக் கேட்கிறவரை யாரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் ஆயுசுக்கும்தான். ஸ்டீராய்டு களிம்பு இருக்கிறதை அமுக்குமே தவிர, வேரைப் பிடுங்காது.

உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். பார்லரில் சேர்ந்து நாலு மாதத்தில் கை சொரசொரவென்று ஆகிவிட்டது, பழகிவிடும் என்கிறாள் என்று எழுதியிருந்தாயே. பழகாது, மீனா. இப்போது அவளுக்கு வந்திருப்பது அனேகமாக ஷாம்பூவும் தண்ணீரும் தோலின் எண்ணெய்ப்பசையை அரித்ததால் வந்த எரிச்சல். வேலையால் வரும் தோல் அழற்சியில் பெரும்பகுதி இந்த ரகம்தான், நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைத்தால் யாருக்கும் வரும். ஆனால் வெடித்த தோல் வழியாக ஹேர் டையில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் சுலபமாக இறங்கும். அதற்கு அலர்ஜி வந்துவிட்டால் தொழிலையே மாற்ற வேண்டியிருக்கும்.

தலை அலசும்போதே கையுறை போடச் சொல். சாயம் பூசும்போது மட்டும் போட்டுவிட்டு, அலசும்போது கழற்றிவிடுகிறார்கள். கழற்றியதைத் திருப்பிப் போட்டு மறுபடி மாட்டவே கூடாது. முதலில் முடியை வெட்டிவிட்டு அப்புறம் சாயம் பூசினால், சாயம் ஏறிய முடியை வெறுங்கையால் தொட வேண்டியதில்லை. மோதிரம் வேண்டாம், அதன் அடியில் சோப்பு தங்கும். வாசனையில்லாத கிரீமை வேலைக்கு முன்னும் பின்னும் பூசட்டும். மேலே ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே தோல் தேற வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் விட்டுவிட வேண்டாம்.

அடுத்த கடிதத்தோடு அவள் கையின் படம் ஒன்று அனுப்பு. விரலிடுக்கு தெரிகிற மாதிரி, நல்ல வெளிச்சத்தில்.

அன்புடன்,
கலா